அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்: சென்னை ஓ.எம்.ஆர். அடுக்ககச் சங்கம் ஒன்றுக்குத் திறந்த மடல்

அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த மாதம் உங்கள் வளாகத்தின் எல்லா பிளாக்குகளிலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். வீட்டு வேலை செய்பவர்கள் இனி சர்வீஸ் லிப்டில் மட்டும்தான் போக வேண்டும். பூங்காவில் உள்ள பெஞ்சுகளில் உட்காரக் கூடாது. பாத்திரம் தேய்க்க இவ்வளவு, பெருக்கித் துடைக்க இவ்வளவு, சமையலுக்கு இவ்வளவு என்று சங்கம் குறித்திருக்கும் தொகைக்கு மேல் எந்த வீடும் சம்பளம் தரக் கூடாது. ஒரு வீட்டை விட்டு நின்றவரை இன்னொரு வீடு சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், பழைய வீட்டுக்காரர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுங்கு ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் அந்தத் தாளை, அது யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அந்தப் பெண்கள் செல்போனில் படம் எடுத்து வந்து என்னிடம் படித்துச் சொல்லச் சொன்னார்கள். படித்துச் சொன்னேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நகரத்துக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்காக அரசு கட்டிய, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்துக் குடியிருப்பான கண்ணகி நகரில் வளர்ந்தவள் நான். சமூகவியலில் முதுகலை படித்திருக்கிறேன். என் அம்மா உங்கள் வளாகத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். அதே வளாகத்தில் மாலை நேரத்தில் நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்கள் சங்கத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அம்மாவின் வேலை ஒரு காரணம். இதே மாதிரி விதிகளை வைத்திருக்கும் மற்ற அடுக்ககங்களும் இதைத் தங்களுக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

முதலில் லிப்ட். ஒரு பிளாக்குக்கு மூன்று லிப்ட் இருக்கிறது. இரண்டு உங்களுக்கு. மூன்றாவதில்தான் குப்பைத் தொட்டி இறங்கும், தண்ணீர் கேன் ஏறும், யாராவது வீடு மாறினால் பீரோவும் கட்டிலும் போகும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணி வரை வேலைக்கு வரும் அத்தனை பெண்களும் இப்போது அந்த ஒரு லிப்டின் முன்னால் நிற்கிறார்கள். கேட்டைத் தாண்டிய நேரம், உள்ளே வருபவர்களைக் குறித்துவைக்கும் உங்கள் கேட் செயலியில் பதிவாகிவிடுகிறது. வீட்டுக்குள் வரும் நேரம் அதிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போனால் "கீழே யாரோட பேசிட்டு இருந்தே?" என்ற கேள்வி வருகிறது. லிப்ட் பழுதானால் படிதான். அம்மாவின் முதல் வீடு பதினான்காவது மாடியில். அவருக்கு முழங்கால் தேய்ந்திருக்கிறது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், தைலம் வாங்கிக் கொடுத்தவர்கள். ஆனால் அவர்கள் கண் முன்னால்தான் இது நடக்கிறது.

சுற்றறிக்கை ஒட்டிய பிறகு ஒரு சாயங்காலம் நானும் அம்மாவும் ஒன்றாக உள்ளே போனோம். அம்மாவுக்கு ஒரு வீட்டில் விருந்தாளிகளுக்கான கூடுதல் வேலை, எனக்கு டியூஷன். இருவரும் ஒரே லிப்டின் முன்னால் நின்றோம். செக்யூரிட்டி ஓடி வந்தார். "நீங்க போங்க மேடம், அம்மாதான் அந்தப் பக்கம் போகணும்" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி அவர், சொன்னதைச் செய்கிறார். ஆனால் அந்த இடத்தில் உங்கள் விதி என்ன செய்தது என்று பாருங்கள். ஒரே வீட்டிலிருந்து, ஒரே பஸ்ஸில், ஒரே குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த இரண்டு பேர். இதில் சுகாதாரம் எங்கே வருகிறது? என் போட்டோவும் அம்மாவின் போட்டோவும் உங்கள் கேட் செயலியில் இருக்கின்றன. போலீஸ் சரிபார்ப்புப் படிவம் கொடுத்தவர் அம்மா மட்டும்தான். என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. பாதுகாப்புதான் காரணம் என்றால் உங்களுக்கு அதிகம் தெரிந்தவர் அம்மா. அப்படியும் அவர்தான் குப்பைத் தொட்டி போகும் லிப்டுக்கு அனுப்பப்பட்டார்.

அம்மா காலையில் உங்களில் ஒருவர் வீட்டில் சப்பாத்தி மாவு பிசைகிறார். இன்னொரு வீட்டில் பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறார். அந்தக் கைகள் உங்கள் சோற்றையும் உங்கள் குழந்தையையும் தொடலாம் என்றால், லிப்டின் பொத்தானைத் தொட்டால் என்ன ஆகிவிடும்?

எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அசோசியேஷன்ல போட்டுட்டாங்க, நாம தனியா என்ன பண்றது" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில். அது பொய்யில்லை என்று நம்புகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940களின் இறுதியில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். தப்பெண்ணம் மனதில் இருப்பது, பாகுபாடு செயலில் நடப்பது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டியதில்லை. மனதில் தப்பெண்ணம் இல்லாதவர்களும் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்றோ, வம்பு எதற்கு என்றோ பாகுபாட்டோடு ஒத்துப்போவார்கள். அவர்களைத் தாங்கிப் பிடிப்பது விதி. உங்கள் வளாகத்தில் கெட்டவர்கள் நிறைந்திருக்கிறார்கள் என்று நான் எழுதவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் வேண்டாத ஒரு செயலை நீங்கள் விதியாக எழுதி எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டீர்கள் என்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் எந்த வீட்டுக்கும் இல்லை, சங்கத்துக்கு.

இனி சம்பள உச்சவரம்புக்கு வருகிறேன். பாத்திரமும் பெருக்கித் துடைப்பதும் சேர்த்து மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று குறித்திருக்கிறீர்கள். இந்த இரண்டு வேலைக்கும் தினமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. மாதம் இரண்டு நாள் லீவு போக 56 மணி நேரம். ஒரு மணிக்கு 54 ரூபாய் கூட வரவில்லை. இதே வளாகத்தில், அம்மா வேலை செய்யும் ஒரு வீட்டிலேயே, ஒரு மணி நேரம் கணக்கு சொல்லிக்கொடுக்க எனக்கு 300 ரூபாய் தருகிறார்கள். நான் படித்தவள், அதனால் கூடுதல் என்று சொல்வீர்கள். ஓரளவுக்குச் சரி. சமூகத்துக்கு முக்கியமான, அதிகத் திறமையும் பயிற்சியும் தேவைப்படும் வேலைகளுக்குத்தான் அதிக வெகுமதி கிடைக்கிறது என்று 1945இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் ஒரு கோட்பாடு எழுதினார்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது உங்கள் வளாகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஒரு வாரம் வராவிட்டால் உங்கள் வீட்டில் எதுவும் நிற்காது. அம்மா ஒரு வாரம் வராவிட்டால் கணவன் மனைவி இருவரில் ஒருவர் ஆபீஸ் லீவு போட வேண்டியிருக்கிறது. இந்தச் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகளின் காலை நேரம் எங்கள் தெருப் பெண்களின் கைகளில்தான் தொடங்குகிறது. அந்த வேலை முக்கியமில்லாதது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, கூலி குறைவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ஒரு காரணம், இந்த வேலையை வீட்டில் பெண்கள் சம்பளமில்லாமல் செய்துவந்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. ஐந்து மணி நேரம் இலவசமாக நடக்கும் ஒரு வேலைக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்போது, கொடுப்பது எதுவாக இருந்தாலும் அதிகம் என்றுதான் தோன்றும். சங்கத்தில் இருக்கும் பெண் உறுப்பினர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவின் மணிக்கூலியைக் குறைக்கும் அதே கணக்குதான் உங்கள் வீட்டில் நீங்கள் செய்யும் வேலைக்கு மதிப்பே போடாமல் விடுகிறது.

இன்னொரு காரணம் பேரம் பேசும் பலம். "உனக்குப் பிடிக்கலன்னா விடு, நாளைக்கே பத்து பேர் வருவாங்க" என்ற வாக்கியத்தை எங்கள் தெருவில் கேட்காத பெண் கிடையாது. வேலை தேடி வாசலில் நிற்கும் ஆட்களின் கூட்டம் உள்ளே இருப்பவரின் கூலியையும் அழுத்தி வைக்கும் என்று மார்க்ஸ் எழுதியது இதைத்தான். ஆனால் அந்த நிலையிலும் எங்களுக்கு ஒரு சின்ன வழி இருந்தது. வேலை சுத்தமாக இருந்தால், அடுத்த பிளாக்கில் யாராவது கேள்விப்பட்டு ஐந்நூறு கூட்டித் தருவதாகக் கூப்பிடுவார்கள். அம்மாவின் சம்பளம் இத்தனை வருடத்தில் உயர்ந்ததெல்லாம் இப்படி வீடு மாறியபோதுதான். உச்சவரம்பு, ஆட்சேபமின்மைக் கடிதம் ஆகிய இரண்டு விதிகளும் சேர்ந்து அந்த வழியை அடைத்துவிட்டன. கூலியை உயர்த்தக் கூடாது என்பதில் முதலாளிகள் எப்போதும் எங்கேயும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள் என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவைத்தார். அவர் சொன்னது வெளியே சொல்லாமல் நடக்கும் ஒப்பந்தம். நீங்கள் அதைக் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள்.

ஆட்சேபமின்மைக் கடிதத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா. வேலை செய்த வீட்டில் பெரியவர் ஒருவர் கை வைக்கப் பார்த்தார் என்று நின்றுவிட்டார். இனி அவர் அந்த வீட்டுக்கே போய், வேறு வீட்டில் சேர ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டுமா? 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களையும் பாதுகாக்கிறது. அவர்களுக்கு வீடுதான் பணியிடம். புகார் கொடுக்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. இந்தத் தகவல் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒருநாளும் இருந்ததில்லை. பூங்காவில் உட்காரக் கூடாது என்பது இருக்கிறது.

செயலியில் உள்ள நட்சத்திர மதிப்பெண்ணும் இதே வகைதான். வீட்டுக்காரர் அம்மாவுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார், என்ன எழுதியிருக்கிறார் என்பது மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. சம்பளத்தை இழுத்தடிக்கும் வீட்டைப் பற்றி எழுத அம்மாவுக்கு இடமில்லை.

அப்புறம் கழிப்பறை. இது எழுதக் கூச்சமாக இருக்கும் விஷயம். ஆனால் எங்கள் பெண்கள் தினமும் படுகிற பாடு இது. அம்மா காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புகிறார். நான்கு வீட்டிலும் கழிப்பறையைக் கழுவுகிறார். அதில் மூன்று வீடுகளில் அதைப் பயன்படுத்த முடியாது. யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தெரியும். கீழே டிரைவர்களுக்கு என்று பார்க்கிங்கில் ஒரு கழிப்பறை இருக்கிறது. பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒன்று கிடையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று எங்கள் தெருவில் சளி பிடிப்பதுபோல சாதாரணமாகிவிட்டது. அதற்கு மாத்திரை வாங்கும் காசும் அந்த 54 ரூபாயிலிருந்துதான் போகிறது.

சில வீடுகளில் தனி டம்ளர். சில வீடுகளில் டீயே பேப்பர் கப்பில். உங்களில் யாரும் என் அம்மாவின் சாதியைக் கேட்டதில்லை, அது உண்மை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கண்ணகி நகர் என்று சொன்னாலே முடிந்துவிடுகிறது. சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதினார். கழிப்பறையைக் கழுவும் கை ஒன்று, அதைப் பயன்படுத்தும் உரிமை இன்னொருவருக்கு, இருவருக்கும் தனித்தனி டம்ளர், இப்போது தனித்தனி லிப்ட். தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டப்படி இது அதில் வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். அந்த லிப்டின் முன்னால் நிற்கும் பெண்ணுக்கு அது எதை ஞாபகப்படுத்துகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கண்ணகி நகரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று நீங்கள் எழுதியதன் பின்னால் அந்தப் பெயர் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அங்கே விரும்பிக் குடிவந்தவர்கள் இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி, நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் சாலையோரத்திலும் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து எங்களைப் போன்றவர்களைப் பெயர்த்தெடுத்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்திலும் இதேபோல் குடிவைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். என் அம்மா அதற்கு முன் மந்தைவெளியில் நடந்து போகும் தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கே வந்ததும் அந்த வீடுகள் எல்லாம் போயின. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தால் சம்பளத்தில் பாதி டிக்கெட்டுக்கே சரியாகிவிடும். அரசு எங்களுக்குக் கொடுத்தது நான்கு சுவர். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் வேலையோ நல்ல பள்ளிக்கூடமோ கூடவே வரவில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் ஒருவருடைய வாழ்க்கை வாய்ப்புகள் என்று சொன்னதெல்லாம் (என்ன படிக்கலாம், எங்கே வேலை கிடைக்கும், நோய் வந்தால் என்ன ஆகும்) ஒரு லாரிப் பயணத்தில் எங்களுக்கு மாறிப்போயின.

பிறகு உங்கள் அடுக்ககங்கள் வந்தன. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது மாடிக் கட்டடங்கள், இந்தப் பக்கம் ஓர் அறை வீடுகள். இங்கே குடிவைக்கப்பட்ட பெண்கள்தான் அந்தக் கட்டடங்களுக்கான வேலையாட்கள் ஆனார்கள். நீங்களும் நாங்களும் அக்கம்பக்கமாக வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. இந்தச் சாலை வளர்ந்த விதத்தில் இருவருமே இருக்கிறோம். எங்கள் உழைப்பு பக்கத்தில் கிடைத்தது உங்களுக்கு வசதியாக இருந்தது. எங்கள் முகவரி மட்டும் வசதியாக இல்லை.

அந்த முகவரியோடு வாழ்வது எப்படி என்று கேளுங்கள். எங்கள் பையன்கள் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது கண்ணகி நகர் இருக்கும் பகுதியின் பெயரான ஒக்கியம் துரைப்பாக்கம் என்று மட்டும்தான் எழுதுகிறார்கள். கண்ணகி நகர் என்று எழுதினால் நேர்முகத் தேர்வில் கேள்வியின் தொனி மாறுகிறது, கடன் கேட்டால் கோப்பு நகர்வதில்லை. ஆட்டோக்காரர் இரவில் உள்ளே வர யோசிக்கிறார். சமூகவியலில் இதற்குக் களங்கம் என்று பெயர். ஒரு ஆள் என்ன செய்தார் என்று பார்க்காமலே, அவர்மீது ஏற்கெனவே ஒட்டப்பட்ட அடையாளத்தை வைத்து மற்றவர்கள் முடிவெடுத்துவிடுவது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அன்றைக்கு உங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் "நம்ம ஓ.எம்.ஆர். பொண்ணு" என்று வாழ்த்துகள் குவிந்ததை நான் டியூஷன் எடுக்கும் வீட்டில் காட்டினார்கள். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அந்த மரியாதை பதக்கம் வாங்கியவருக்கு மட்டும் கிடைத்தால் போதாது என்றுதான் சொல்கிறேன். அதே தெருக்களிலிருந்து காலை ஆறு மணிக்கு உங்கள் கேட்டுக்கு வருபவர்களுக்கும் அது வேண்டும்.

"நாங்கள்தானே வேலை கொடுக்கிறோம், அவர்கள் பட்டினி கிடக்கிறார்களா என்ன, எல்லார் கையிலும் போன் இருக்கிறதே" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். பட்டினி இல்லை என்பது சரிதான். ரேஷன் அரிசி இருக்கிறது, பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் காசு வாங்குவதில்லை, மகளிர் உரிமைத் தொகை வருகிறது. இவை எங்கள் வீட்டில் அடுப்பெரிய உதவுகின்றன. ஆனால் சோறு கிடைத்துவிட்டால் வறுமை முடிந்தது என்ற கணக்கை பிரிட்டிஷ் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இலேயே மாற்றி எழுதிவிட்டார். தான் வாழும் சமூகத்தில் மற்றவர்கள் சாதாரணமாகச் செய்யும் காரியங்களில் பங்கெடுக்க முடியாமல் போவதும் வறுமைதான் என்றார் அவர். இன்றைக்குப் போன் இல்லாமல் உங்கள் கேட்டுக்குள்ளேயே நுழைய முடியாது, ஓ.டி.பி. அதில்தான் வருகிறது. அந்தப் போன் ஆடம்பரம் இல்லை. வேலையின் நடுவே பத்து நிமிடம் நிழலில் உட்கார முடிவதும் ஆடம்பரம் இல்லை. கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்யும் ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்களுக்கு அது நியாயம் என்று நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். உங்கள் வளாகத்தில் இருக்கும் இருக்கையிலிருந்து எங்கள் பெண்களை எழுப்புகிறீர்கள்.

வீட்டு வேலைக்குச் சட்டம் ஒன்றும் இல்லை, எங்கள் இஷ்டம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2007இலிருந்து வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 2018இல் அரசு இந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. அது மிகக் குறைவு என்பது வேறு விஷயம். ஆனால் சட்டம் கட்டியது தரை. அதற்குக் கீழே போகாதே என்றுதான் அது சொன்னது, இதற்கு மேலே போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இவர்களுக்கான சட்டம் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கச் சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் மெதுவாகத்தான் வரும். அதுவரை இந்த வளாகத்தில் சட்டம் இயற்றும் இடத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு தாள் ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பெண்களின் நாளை மாற்றியது.

எனவே கேட்கிறேன். லிப்ட், பெஞ்ச் பற்றிய இரண்டு விதிகளையும் உடனே நீக்குங்கள். நெரிசல்தான் பிரச்சினை என்றால் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மூன்று லிப்டும் எல்லோருக்கும் பொது என்று அறிவியுங்கள். நெரிசல் தானாகக் குறையும். சம்பள உச்சவரம்பையும் ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் எழுத்தில் ரத்து செய்யுங்கள். இந்த இரண்டும் வாய்மொழியாகக்கூடத் தொடரக் கூடாது.

ஒவ்வொரு பிளாக்கிலும் தரைத்தளத்தில் பெண்களுக்கு, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை வேண்டும். பக்கத்தில் குடிதண்ணீரும், மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட ஓர் இடமும் வேண்டும். கிளப் ஹவுஸுக்குப் பின்னால் பூட்டியே கிடக்கும் அறையே போதும். மெயின்டனன்ஸ் கட்டணத்தில் இது ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று உங்கள் பொருளாளர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை, உடம்பு முடியாத நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், வருடம் ஒருமுறை சம்பள உயர்வு ஆகிய நான்கையும் எல்லா வீடுகளுக்கும் சங்கத்தின் பரிந்துரையாக அனுப்புங்கள். உச்சவரம்பை ஒரே குரலில் சொல்ல முடிந்த சங்கத்தால் இதையும் சொல்ல முடியும்.

செயலியில் தங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்கவும் பதில் சொல்லவும் வேலை செய்பவர்களுக்கு வழி செய்யுங்கள். முடியாது என்றால் அந்த மதிப்பெண் பகுதியை எடுத்துவிடுங்கள். பாலியல் துன்புறுத்தல் புகாரை எங்கே, யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழில் எல்லா பிளாக்குகளிலும் ஒட்டுங்கள். நல வாரியத்தில் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிளப் ஹவுஸில் முகாம் நடத்த இடம் கொடுங்கள். படிவம் நிரப்ப நானும் என் தோழிகளும் வருகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் இந்தக் கடிதத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, வீட்டு வேலை செய்பவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் இருவருக்குப் பேச நேரம் ஒதுக்குங்கள். இனி அவர்களைப் பாதிக்கும் எந்த விதியையும் அவர்களிடம் கேட்காமல் போட வேண்டாம்.

இதை எழுதியது யார் என்று தேடி, யாருடைய வேலையிலும் கை வைக்கக் கூடாது என்ற உறுதியையும் எழுத்தில் தாருங்கள். என் பெயரை நானே பொதுக்குழுவில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறேன், அந்த உறுதி வந்த மறுநாளே.

இப்படிக்கு,
கண்ணகி நகரிலிருந்து,
வீட்டு வேலைத் தொழிலாளி ஒருவரின் மகள்